தாடி வைத்த பொவுர்

பொவுரெஷ்டி ஊர்த்தலைவர் கவ்ரில் ஒனோஃப்ரெய் என்னிடம் கேட்டது மூன்றே வரி. சந்தைத் திடலில் காட்டெருது சிலை வைக்கப் போகிறார். அதன் கீழே பலகையில் ஊர்ப்பெயருக்கு விளக்கம் வேண்டும். முப்பத்தெட்டு வருடம் பள்ளியில் மொழிப்பாடம் நடத்தியவள் நான். மறுக்க வாய் வரவில்லை.

அந்த மூன்று வரிக்காகக் குளிர்காலம் முழுக்க வாரம் தவறாமல் வியாழக்கிழமைகளில் யாஷ் நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் பேருந்து ஏறினேன். முழங்கால் வீங்கிவிட்டது. பொவுர் என்றால் எங்கள் மால்டேவியக் கொடியில் இருந்த பழைய காட்டெருது. அது எல்லோருக்கும் தெரியும். சொல் லத்தீனிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் கிரேக்கர்கள் ஏதோ ஓர் ஆப்பிரிக்க மானை அப்படி அழைத்திருக்கிறார்கள். இங்கே எல்லை மரங்களில் எருதுத்தலையைக் குறியாகப் பொறித்தபோது அந்தக் குறிக்கும் பொவுர் என்றே பெயராயிற்று. எங்கள் ஊர்ப்பெயர் அப்படிக் குறி பொறித்த கருவாலி மரம் ஒன்றிலிருந்து வந்தது. காப்பகத்தில் கிடைத்த பழைய நிலப்பத்திரத்தில் அது தெளிவாக இருந்தது.

ஏப்ரலில் சிலை லாரியில் வந்து இறங்கியது. நான் விளக்கம் எழுதிய தாளோடு போனேன். சிலைக்குப் பெரிய திமில். மார்பு வரை தாடி.

"தலைவரே, இது பொவுர் இல்ல. சிம்ப்ரு. பைசன், அது வேற மிருகம். பொவுருக்குத் தாடியும் கிடையாது, திமிலும் கிடையாது."

"கொம்பு இருக்குல்ல டீச்சர்?"

"கொம்பு போதும்னா உங்க வீட்டு ஆட்டையே நிக்க வெச்சிருக்கலாம்."

லாரிக்காரர் சிரித்தார். கவ்ரில் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம திறப்பு விழாவுக்கு மாவட்டத்துலேர்ந்து வராங்க. சரி, உங்க தாள்ல என்ன இருக்கு?"

படித்துக் காட்டினேன்.

"அப்ப இங்க காட்டெருதே இருந்ததில்லையா?"

"இருந்திருக்கலாம். ஆனா பேரு மரத்தால வந்தது."

"மரத்துக்கு இப்ப நான் எங்க போவேன்?"

தாடியையாவது எடுத்துவிடலாம் என்று தலைவர் ஆளனுப்ப, கொத்தனார் தோவாதெர் உளியோடு வந்தார். தாடியை உடைக்க மதியமாகிவிட்டது. நான் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மோவாயும் சேர்ந்து பெயர்ந்தது, சிமெண்டு பூசினார். திமிலுக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது, கைவைத்தால் முதுகே போய்விடும் என்றார்.

என் தாளைத் தலைவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பலகையில ஊர்ப்பேரும் வருசமும் போதும் டீச்சர். கோச்சுக்காதீங்க."

பத்து வருடத்துக்கு முன்பென்றால் மாவட்டம் வரைக்கும் மனு எழுதியிருப்பேன். "சரி, விடுங்க" என்றேன். நான்தான் சொன்னேனா என்றிருந்தது.

வீட்டில் என் கணவர் நெகுலாய் சோளக்களி கிண்டி, பாலாடைக்கட்டி உதிர்த்து வைத்திருந்தார். வெந்நீரில் காலை விட்டு உட்கார்ந்தேன்.

"வியாழக்கெழமையும் யாஷ் போவியா?" என்றார்.

"இல்லங்க. இனிமே போறதா இல்ல."

அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். களி ஆறுவதற்குள் சாப்பிட்டோம்.