குக்கர் வெயிட்

வீடு எரிந்துபோன மனிதரின் துயரத்தைத் துடைக்க வல்ல ஒரே பொருள் ஐந்து லிட்டர் குக்கர்தான். பாத்திரக்கடைக்காரர் பல வருடம் கல்லாவில் உட்கார்ந்து யோசித்துக் கண்டறிந்த உண்மை இது. இந்த உண்மைக்கும், கடைப் பரணில் விலைபோகாமல் கிடந்த குக்கர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று, யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

காட்டுத்தீ மலையடிவாரக் குடியிருப்பை விழுங்கிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. செய்திகளில் இப்போது வேறு ஊர், வேறு துக்கம். அவருடைய மைத்துனன், பள்ளி ஓவிய ஆசிரியன், மட்டும் ஞாயிறு தவறாமல் அங்கே போய்வந்தான். கொண்டுபோவது ஒரே ஒரு பெரிய சல்லடை.

"சாம்பல் சலிக்கிறானாம், சாம்பல்!" என்றார் மனைவியிடம். "உன் தம்பி மூளையையும் அதுலயே போட்டுச் சலிச்சுட்டான் போல. கீழ விழுந்துடுச்சு, அவன் கவனிக்கல."

"நீங்க போய்த்தான் காட்டுங்களேன், எப்படி உதவறதுன்னு" என்றாள் மனைவி.

காட்டுவதற்காக வேன் பிடித்து, குக்கர்களை ஏற்றிக்கொண்டு போனார். போட்டோ எடுக்கும் பொறுப்பு வேன் டிரைவருக்கு.

தெரு இருந்தது, வீடுகள் இல்லை. ஒரு மனையில் மைத்துனனும் ஒரு பெண்ணும் முகமூடி, கையுறையோடு மண்டியிட்டிருந்தார்கள். சாம்பலில் தண்ணீர் தெளித்து, அள்ளி, சலித்துக்கொண்டிருந்தார்கள். மனை அந்தப் பெண்ணுடையது. பஸ் கண்டக்டர்.

"மாமா, முதல்ல மாஸ்க் போடுங்க. எரிஞ்ச ப்ளாஸ்டிக், பெயிண்ட் எல்லாம் இதுல இருக்கு" என்று ஒன்றை நீட்டினான் மைத்துனன்.

மாஸ்க் போட்டால் போட்டோவில் முகம் தெரியாது. பாத்திரக்கடைக்காரர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு குக்கரை நீட்டினார். "இந்தாம்மா. அழாதே."

கண்டக்டரம்மா அழவில்லை. குக்கரைத் திருப்பிப் பார்த்தாள். "நல்ல குக்கர் சார். எங்க வைக்கறது?"

"அடுப்புலதான்."

"முகாம் டெண்ட்டுல அடுப்பு வைக்க விடமாட்டாங்க சார். சாப்பாடு பொதுச் சமையல்ல வருது. ஸ்டோர்ல ஏற்கெனவே குக்கர் ஒரு மூட்டை இருக்கு. யாரோ நீச்சல் டிரஸ்கூட அனுப்பியிருக்காங்க. உங்க சைஸ் இருக்கான்னு பாக்கட்டுமா?"

அவர் குழம்பிப்போனார். கொடுப்பதை வாங்கிக்கொள்ளாத ஏழையை அவர் பார்த்ததே இல்லை. "அப்ப என்னதான் தேடறே?"

"குக்கர் வெயிட்."

அவர் முகம் மலர்ந்தது. கடைசியில் தன் சப்ஜெக்டுக்கு வந்துவிட்டார்கள். "அட, பெட்டிக்குள்ளயே இருக்கும்மா!"

"அது இல்ல சார். எங்க வீட்டு வெயிட்."

"உங்க குக்கர் எங்கே?"

அவள் காட்டிய இடத்தில் அலுமினியம் உருகி, தரையில் ஒரு தட்டையான குட்டையாக உறைந்திருந்தது.

"குக்கரே இல்லாம வெயிட்டை வச்சு என்ன பண்ணுவே?"

"தெரியல சார்."

"தெரியலையா?"

"மெஷின் இன்னிக்கு வருது. எல்லாத்தையும் வாரி லாரில போட்டுட்டுப் போயிடும். அதுக்கு முன்னாடி இந்த வீட்டுலருந்து ஒண்ணு, ஏதோ ஒண்ணு, என் கையில இருக்கணும். வேற எது மிஞ்சியிருக்கும்னு எனக்குத் தோணல." குக்கரை ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க பாத்திரக்கடைதானே? எவர்சில்வர் வெயிட் நெருப்புல தாங்குமா சார்?" என்றாள்.

அவர் ஓரமாக மைத்துனனைத் தள்ளிக்கொண்டு போனார். "மச்சான், எனக்கு ஒரு மண்ணும் புரியல. இதுல அந்தம்மாவுக்கு என்ன பிரயோஜனம்?"

"எனக்கும் புரியல மாமா. முதல் தடவை நான் பெயிண்ட் டப்பா கொண்டுவந்தேன், பிள்ளைங்க வரையட்டும்னு. ஒருத்தரும் தொடல. அப்புறம்தான் கேட்டேன், என்ன வேணும்னு. சலிக்க ஆள் வேணும்னாங்க." அவன் முகமூடியை இறக்கினான். "நமக்குத் தோணினதைத் தள்ளிவிட்டுட்டுப் போறதுக்குப் பேரு உதவி இல்ல மாமா. இழந்தவங்களைக் கேக்கணும். அவங்க சொன்னதைச் செய்யணும், நமக்குப் புரியலைன்னாலும். ஊர் மறந்த பிறகும் வரணும்."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் தெருமுனையில் மெஷின் உறுமியது.

கண்டக்டரம்மாவின் கை வேகமெடுத்தது. சாம்பல் சல்லடைக்கு வெளியே சிதறியது. பாத்திரக்கடைக்காரர் அதைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், ஏனென்று தனக்கே தெரியாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

"தம்பி, தம்பி! அந்தக் கோடி மனைக்காரங்க தேடி முடிச்சுட்டாங்களாமே, அங்கேருந்து ஆரம்பிச்சா உங்களுக்கும் திருப்ப வசதி!" தள்ளுபடிக் காலத்தில்கூட இவ்வளவு கனிவாக அவர் யாரிடமும் பேசியதில்லை.

"எங்க ஆரம்பிச்சா என்ன சார், கடைசியில இங்கதானே வரணும்" என்று சொல்லி மெஷின் டிரைவர் வண்டியைத் திருப்பினான்.

அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"எவர்சில்வர்னா தாங்கும். நிறம் கறுத்திருக்கும், வடிவம் போகாது," என்றார். "சமையல் மேடை எந்தப் பக்கம் இருந்துச்சும்மா?"

அவள் காட்டினாள்.

வேன் டிரைவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். "சார், போட்டோ?"

பாத்திரக்கடைக்காரர் சட்டைப்பையிலிருந்த மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். மைத்துனனின் கையிலிருந்து சல்லடையை வாங்கி, அந்த மூலையில் மண்டியிட்டார்.

"இன்னும் கொஞ்சம் உள்ள நகருங்க சார்" என்றாள் கண்டக்டரம்மா.

நகர்ந்தார்.