மாதிரித் துண்டு

எங்கள் துணிக்கடையில் அப்பா விலை சொல்வார், அண்ணன் விற்பான், நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். இந்த மூன்றில் கடைசி வேலைக்குத்தான் பிறவித் திறமை வேண்டும் என்பான் அண்ணன்.

என்னைவிட ஐந்து வயது மூத்தவன். வாங்க வந்தவர் விலை படியாமல் எழுந்துகொண்டால் மற்ற கடைக்காரர்கள் எல்லாம், "அட உக்காருங்க, நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்று வாசல்வரை ஓடுவார்கள். அண்ணன் அசைய மாட்டான். விரித்துக் கிடக்கும் துணியை மெதுவாக மடிக்கத் தொடங்குவான். போகிறவர் முகத்தைப் பார்க்கவே மாட்டான். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துகிறவன் மாதிரி மடிப்பான். கடைசி மடிப்புக்கு முன்னால் கை அப்படியே நிற்கும். வாசல் தாண்டிய காலும் நிற்கும்.

"சரி சரி, அதையே குடுங்க."

கடையில் ஒரு மாதிரிப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு ரகத்திலும் நிறத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருப்போம். சரக்கு தீர்ந்தால் அந்தத் துண்டைக் காட்டித்தான் ஆலையில் மறுபடி நெய்யச் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையின் முதல் வியாபாரம் அந்தப் புத்தகத்தில்தான் நடந்தது. கிழிந்த கோட்டுக்கு ஒட்டுப்போட, சாம்பல் கலந்த நீலத்தில் சின்னத் துண்டு ஒன்று கேட்டு ஒரு தையல்காரர் வந்தார். அலமாரியில் இல்லை, புத்தகத்தில் இருந்தது. பிய்த்து விற்றுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "எதை வேணா வில்லுடா. கடையையே வித்துட்டு வந்தாக்கூடத் திட்ட மாட்டேன். மாதிரியை வித்துட்டு வந்து நிக்கிறியே! அந்த நிறம் எப்படி இருந்துச்சுன்னு ஆண்டவனே வந்து கேட்டாலும் இனிமே நம்மால சொல்ல முடியாது."

"விடுங்கப்பா, தம்பி முதல் முதலா ஒண்ணை வித்திருக்கான்" என்று அண்ணன் சிரித்தான். அவன் சிரிப்பு தோளில் தொடங்கும். தோள் இரண்டு முறை குலுங்கும். சத்தம் ஆற அமரப் பின்னால் வரும்.

அவனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள். வெளியே கிளம்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு மூன்றும் இறங்குவான். பிறகு எதையோ மறந்தவன் போலத் திரும்ப ஏறி வந்து, கதவு நிலையில் ஒரு கையை வைத்து, உள்ளே இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பான்.

"என்னடா?" என்பாள் அம்மா.

"ஒண்ணுமில்ல."

போய்விடுவான். தினமும் இதே கூத்து. "ஒண்ணுமில்லாததுக்கு மூணு படி ஏறி எறங்குற ஒரே ஆள் இந்த ஊர்ல நீதான்டா" என்று அம்மா அவன் முதுகுக்குப் பின்னால் கத்துவாள்.

சரக்கெடுக்க ஆலைக்குப் போன அன்றைக்கும் இறங்கினான், ஏறினான், பார்த்தான், ஒண்ணுமில்ல என்றான். அவன் போன லாரி பாலத்துக் கைப்பிடியை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. அவனுக்கு இருபத்துநாலு வயது. எனக்குப் பத்தொன்பது.

எட்டு மாதம் கழித்து, சினிமாவுக்கு உடை தைக்கிற காஸ்ட்யூமர் ஒருவர் எங்கள் கடைக்கு வந்து மூட்டை மூட்டையாகத் துணி வாங்கினார். அன்றைக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. விசிறிக்குக் கீழே நான் இருந்தேன். படப்பிடிப்பில் துணிக்கடை செட் போட்டிருந்தார்கள். கடைக்காரனாக நடிக்க வந்தவர், மீன் வலையை உதறுவது போலத் துணியை உதறிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அப்படி மடிச்சா துணி அழுதுரும்ணே."

"அப்படின்னா நீ வந்து அதச் சிரிக்க வைய்யா" என்றார் டைரக்டர்.

போய் நின்றேன். கதாநாயகி விலை படியாமல் எழுந்து போனாள். நான் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தேன், தடவினேன், மடித்தேன், கடைசி மடிப்புக்கு முன்னால் நிறுத்தினேன். 'கட்' சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. கதாநாயகி, கதையில் இல்லாத ஒரு காரியமாக, தானே திரும்பிப் பார்த்தாள்.

"யார்கிட்டய்யா கத்துக்கிட்ட?" என்றார் டைரக்டர்.

"யார்கிட்டயும் இல்ல சார். நானாத்தான்" என்றேன். சினிமாவில் நான் பேசிய முதல் வசனம் அதுதான்.

படம் வந்ததும் அம்மா பகல்காட்சிக்குப் போனாள். ஒரு நிமிடம்கூட வராத அந்தக் காட்சிக்காகப் பதினோரு முறை போனாள். நான்காவது நாளிலிருந்து வாசலில் டிக்கெட் கிழிப்பவர் "வாங்கம்மா, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, மெதுவா உள்ள போங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். முதல்நாள் வீட்டுக்கு வந்து என் கன்னத்தைத் தொட்டு, "பெரியவன் வந்திருந்தான்டா" என்றாள்.

அன்றைக்கு எனக்குத் தொழில் புரிந்துவிட்டது. மற்றவர்கள் நடிப்பைத் தேடி எங்கெங்கோ அலைகிறார்கள். எனக்கு வீட்டிலேயே கிடங்கு இருந்தது. இரண்டாவது படத்தில் அண்ணனின் கோபத்தை எடுத்து வைத்தேன். அவன் கோபம் வந்தால் குரலைத் தாழ்த்தி, "சரி" என்பான், கொஞ்சம் விட்டு இன்னொரு "சரி." இரண்டாவது சரிக்கு எங்கள் கடையில் சுமை தூக்குகிறவர்களே பின்வாங்குவார்கள். 'உள்ளடங்கிய கோபத்தைக் கண்டுபிடித்தவர்' என்று என்னைப் பற்றி எழுதினார்கள். மூன்றாவது படத்தில், வார் அறுந்த செருப்போடு அவன் காலைச் சாய்த்து நடக்கும் நடை. நான்காவதில் சிரிப்பு. தோள் குலுங்கிய அந்த ஒரு காட்சிக்காகவே படம் நூறு நாள் ஓடியது. தெருவில் போகிற பையன்களெல்லாம் தோளைக் குலுக்கினார்கள். நான் பெரிய ஆளானேன். மீசையும் வைத்துக்கொண்டேன்.

சரக்கு போகிற வேகத்தில் வியாபாரிக்குக் கண் தெரியாது என்று அப்பா சொல்வார். எனக்கும் தெரியவில்லை. முதலில் சொன்னது பக்கத்துக் கடைப் பாத்திரக்காரர். "உங்க அண்ணன்கூட அப்படியே உன்னை மாதிரிதான்யா சிரிப்பான்" என்றார். பேச்சுவாக்கில் சொன்னதுதான். குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடி அண்ணனை நினைத்துப் பார்த்தேன். தையல்காரருக்கு நான் மாதிரித் துண்டை விற்ற நாள். கடை வந்தது, அலமாரி வந்தது, அப்பா தலையில் கை வைத்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு தோள் இரண்டு முறை குலுங்கியது. சத்தம் வந்தது. முகம் என் பக்கம் திரும்பியது. என் முகம். இடது கன்னத்தில் மட்டும் வெளிச்சம், எங்கள் ஒளிப்பதிவாளர் எனக்கு எப்போதும் வைக்கிற வெளிச்சம். எங்கள் கடைக்கு இடது பக்கத்தில் ஜன்னலே கிடையாது.

வீட்டில் அவன் போட்டோ இரண்டுதான். இரண்டிலும் விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

அம்மாவிடம் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"எனக்கும் அப்படித்தான்டா ஆயிருச்சு. அவன் சிரிப்பை நெனச்சா உன் மீசைதான் வருது. அவனுக்கு ஏதுடா மீசை?"

"ஏம்மா சொல்லல?"

"நீ நல்லா வர்ற நேரம். புள்ளை பொழைப்பக் கெடுக்கவா? உனக்குத்தான் குடுத்தேன்னு வெச்சிக்க." கத்தியைக் கீழே வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் இன்னும் அவன் மூஞ்சியோட இருக்கு. வாசல்ல திரும்பி வந்து பாப்பானே, அது. அதை மட்டும் எடுத்துறாதடா."

"எடுக்க மாட்டேன்மா."

"சினிமாக்காரன் மாதிரி சொல்லாத."

"கடைக்காரன் பையனா சொல்றேன். எடுக்க மாட்டேன்."

அடுத்த படத்தின் டைரக்டருக்கு யூனிட்டில் 'இன்னொண்ணு' என்று பெயர். எந்த ஷாட் எடுத்தாலும் "நல்லா இருக்கு, இன்னொண்ணு போலாம்" என்பார். அவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோதே யூனிட்டில் பாதிப் பேர் 'சொன்னேன்ல' என்றார்களாம். படத்தின் கடைசிக் காட்சி: நாயகன் குடும்பத்தை விட்டுப் போகிறான், திரும்பி வர மாட்டான், அது அவனுக்குத் தெரியாது. செட்டில் ஒரு வீடு. வாசலில் மரப்படி. எண்ணிப் பார்த்தேன், மூன்று.

"சார், இன்னும் ரெண்டு படி வெச்சிரலாமே?"

"ஏன், ஜோசியமா?"

"சும்மாதான்."

வைக்கவில்லை. பதினெட்டு முறை அந்த வாசலிலிருந்து போனேன். தலைகுனிந்து போனேன், நிமிர்ந்து போனேன், அம்மாவாக நடித்த பெண்மணியின் கையைப் பிடித்துவிட்டுப் போனேன். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பிடரியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. மூன்றாவது படியில் கால் தானாகத் தயங்கும். உதறிக்கொண்டு நடந்துவிடுவேன்.

இன்னொண்ணு என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். "உள்ள ஏதோ நல்ல சரக்கு வெச்சிருக்கீங்க. எனக்குக் காட்ட மாட்டேங்கிறீங்க."

"இருந்தாத்தானே சார் காட்ட?"

"பதினெட்டுத் தடவையும் அந்தக் கடைசிப் படியில நின்னீங்க. எதுக்கு?"

"கால் வலி."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "சரி, இவ்வளவுதான் வரும்னா என்ன பண்றது. கடைசியா ஒண்ணு போயிட்டு மூட்டை கட்டலாம்" என்றார். பத்தொன்பதாவது முறையும் நடந்தேன். அவர் யாருக்கும் கேட்காத மாதிரி "ம்" என்றார். நாற்காலியிலிருந்து எழுந்தார். கையிலிருந்த காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தார். என் பக்கம் பார்க்கவில்லை. விளக்குகள் அப்படியே இருந்தன.

மூன்று படியும் இறங்கிவிட்டேன். தப்பித்தேன் என்று நாலு அடியும் வைத்துவிட்டேன். அப்போதுதான் மூக்குக் கண்ணாடியை உள்ளே மேஜையில் வைத்தது நினைவுக்கு வந்தது. ஏறி வந்தேன். நிலையில் கை வைத்து மேஜையைப் பார்த்தேன், இல்லை. யார் எடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். அம்மாவாக நடித்த பெண்மணி, "என்னப்பா?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

இறங்கினேன். செட் முழுக்கச் சத்தமே இல்லை. அப்புறம்தான் இன்னொண்ணு தெளிவாக, வாய் நிறைய, "கட்" என்றார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொன்று கேட்கவில்லை.

காமிராவை நிறுத்தாமலே, மடித்து வைக்கிற மாதிரி மடித்திருக்கிறார். மடிப்பிலேயே வளர்ந்த நான் ஏமாந்து திரும்பி வந்திருக்கிறேன். அது போகட்டும், தொழில். என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. காரில் ஏறி உட்கார்ந்தபோது நெஞ்சில் ஏதோ உறுத்தியது. கண்ணாடி என் சட்டைப் பையிலேயே இருந்தது. காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது.

அப்படியானால் திரும்பி வந்தது யார்?

மறுநாளே போய்க் கெஞ்சினேன். "சார், அதை மட்டும் வெட்டிருங்க. பணம் வேணாம், பேர் வேணாம்."

"உங்க கடையில என்ன போர்டு தொங்குது?"

'விற்ற துணி திரும்பப் பெறப்படாது.' என் கையால் எழுதிய போர்டு.

படம் வெளியானது. மக்கள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள், மறுபடி உள்ளே போனார்கள். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் அம்மா கேட்கவில்லை. பகல்காட்சிக்கு நானே அழைத்துக்கொண்டு போய், விளக்கணைந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் துணிவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. திரையில் நான் செருப்பை மாட்டினேன். வாசலைப் பார்த்ததும் அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். திரையில் நான் இறங்கினேன். நாலு அடி போனேன். ஏறி வந்தேன், நிலையில் கை வைத்தேன், பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திரையில் அந்தக் கண்கள் மட்டும் எனக்குத் தெரிந்தவை அல்ல. அவை அரங்கில் யாரையோ தேடின. "என்னப்பா?" என்று கேட்ட குரல் அம்மாவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். பதில் வருவதற்குள் நான் சத்தமாக இருமினேன். முன்வரிசை முழுக்கத் திரும்பி முறைத்தது.

"போயிட்டானா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"போயிட்டான்மா."

"திரும்பி வந்து பாத்தானா?"

அரங்கமே விம்மிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. நேராப் போயிட்டான்."

பிடி தளர்ந்தது. விளக்கு போடும்வரை கண்ணைத் திறக்கவில்லை. "நல்ல புள்ளை" என்றாள். எந்தப் பிள்ளையைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் கொண்டுபோய் விட்டேன். தண்ணீர் குடித்தேன். அப்பா கடையிலிருந்து வரவில்லை. அம்மா கூடத்தில் வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் இருந்தபோதும் அங்கேதான் உட்காருவாள். "வர்றேன்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று படியும் இறங்கினேன்.

காரின் அருகே போய்ப் பையைத் தடவினேன். சாவி இல்லை. வலது பை, இடது பை, சட்டைப் பை, எல்லாவற்றிலும் இரண்டு முறை பார்த்தேன். இந்த முறை நிஜமாகவே இல்லை. உள்ளே, தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கதவு திறந்திருந்தது. அவள் அங்கே உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிடரியில் அந்த மூச்சு பட்டது. கால் படியின் பக்கம் தானாகத் திரும்பியது.

காரை அங்கேயே விட்டுவிட்டு, ஸ்டுடியோ வரை மூன்று மைல், திரும்பிப் பார்க்காமல் நடந்து போனேன். வழியெல்லாம் பையன்கள் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிச் சிரித்தார்கள்.