ஆட்டுக் கொட்டகை லாட்ஜ்

...தலையை இறக்கைக்குள் செருகி, இரண்டு கையாலும் பிடித்துத் தொட்டில் போல மெல்ல ஆட்டினால் போதும், ஃபெசன்ட் என்கிற இந்த நீளவால் வேட்டைக்கோழி மயங்கிவிடும், புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு வந்துவிடலாம், துப்பாக்கிக்காரர்களும் நாயும் வந்து எழுப்பும்வரை அங்கேயே கிடக்கும். இதை ஆதில்தான் சொல்லிக்கொடுத்தான், பெற்ற மகன் அத்தாவுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை, பாரூக் நினைத்துக்கொண்டார், பறவையின் சூடு கையுறையைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தது... இந்த இடத்தில்தானே ஆடுகள் மேய்ந்தன? இந்த நாட்டுக்கு வந்து பிஸ்கட்டவே நகரத்தில் பார்த்த மருந்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அமீனாவோடு இந்தப் பண்ணைக்கு வந்தபோது நம் ஊர்க்காரர்கள் பைத்தியம் என்றார்கள், ஆனால் பக்ரீத் காலையில் அவர்கள்தானே குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள், அவர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கத்தியை வைக்கும்போது பிள்ளைகளைக் கிட்டத்தில் நிறுத்தி, பாரு, நாம சாப்பிடறது எங்கேருந்து வருதுன்னு பாரு, என்றார்களே. ரத்தம் அவருக்குப் புதிதில்லை. அதனால்தான் இந்தப் பறவைகளைச் சுடக் கொடுப்பது உறுத்துகிறது என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை, அறுத்த கைக்கு இப்போது என்ன வந்தது என்பார்கள்.

ஆட்டுப் பண்ணையை நம்பி இனி நிலம் நிற்காது என்று ஆதில் சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்தது. கொட்டகை, காசு கொடுத்துப் பறவை சுட வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஆனது. லாட்ஜுன்னா நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்குமே, என்று அமீனா முதல் நாள் சிரித்தாள், இப்போது சிரிப்பதில்லை, விருந்தாளிகளுக்கு மட்டன் சுக்கா செய்து கொடுத்து அமேசிங் அமேசிங் என்று கேட்டுக்கொண்டு அவள் பாட்டுக்குச் சந்தோஷமாக இருக்கிறாள். "விடுங்களேன், புள்ள நிலத்தக் காப்பாத்திட்டான்ல" என்கிறாள். குட்டி போட்ட ஆட்டை இரவெல்லாம் மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்த இடத்தில் இன்று தோல் சோபா, சுவரில் துப்பாக்கிகள்... "லேண்ட் நம்மகிட்டயே இருக்கு அத்தா, இஸ்ன்ட் தட் எனஃப்?" போதும்தான், போதாது என்று யார் சொன்னார்கள், நிலம் இருக்கிறது, நான்தான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை...

வெயில் ஏறியதும் வந்துவிட்டார்கள், ஆரஞ்சுத் தொப்பிகள், சிரிப்பு, முன்னால் நாய். முதல் சில பறவைகள் எழுந்தன, விழுந்தன. மரங்களை ஒட்டி ஒதுங்கி நின்ற பாரூக் எதற்காகவோ தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான், ஒரு சேவல் புல்லிலிருந்து எழுந்து, பறக்காமல், அவரை நோக்கி நடந்தே வந்தது. வராமல் என்ன செய்யும், குஞ்சிலிருந்து பா பா என்று கூப்பிட்டுத் தீனி போட்ட குரல் அல்லவா! கூப்பிடாம போடுங்க அத்தா, வைல்டா இருக்கணும், என்று ஆதில் எத்தனை முறை சொல்லியிருப்பான். காலடியில் வந்து நின்று தலை சாய்த்து அவரைப் பார்த்தது. துப்பாக்கிகள் தாழ்ந்தன, யாரோ சிரித்தார்கள், இஸ் தட் யுவர் பெட், சார்? ஆதிலின் முகம் சிவந்துவிட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில், அத்தாவின் சட்டையில் ஆட்டு வாடை அடிக்கிறதென்று நண்பர்கள் சொன்னபோது சிவந்த அதே முகம்.

"அத்தா, ப்ளீஸ்... நகருங்க."

அவர் நகரவில்லை. குனிந்து அதை எடுத்தார், அது திமிறவில்லை, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, அப்புறம் அவர் கைகள் அதை உயர வீசின. அடடா, எவ்வளவு அழகாக எழுந்தது, அந்த நீள வாலும் செம்பு நிறமும்... ஒரே ஒரு வெடிச்சத்தம், விழுந்தது. கை தட்டினார்கள். நைஸ் த்ரோ! ஆதில் ஓடிவந்து தோளைப் பிடித்து, "தேங்க்ஸ் அத்தா" என்றான், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தோளைத் தொடுகிறான், அந்தக் கை வேண்டித்தானே இருந்தது, அதை உதறவும் முடியவில்லை. பிஸ்மில்லாஹ் சொன்னேனா? இல்லை, வாயே திறக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை, முதுகுக்குப் பின்னால் மரங்கள் இருந்தன, அடர்த்தியாக, அந்தப் பக்கம் வீசியிருந்தால் யாராலும் சுட்டிருக்க முடியாது, இந்த நிலத்தில் எந்த மரம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கைகள்தானே இவை, பின்னே ஏன் அவை வெட்டவெளிப் பக்கமாக...