கத்தாத டிடெக்டர்

எலக்ட்ரீஷியன் எதை வாங்கப் போனாலும் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்திவிடுவார். அன்றும் அப்படித்தான். விண்கல் தேட நல்ல மெட்டல் டிடெக்டர் வேண்டும் என்று வந்தவர், ஒரு மணி நேரமாக நான்கு கருவிகளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாற்றிக்கொள்ள எடுத்து வந்த பழையது மேசையோரம் சாய்ந்திருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவியின் தம்பி, லாரி டிரைவர், கல்குவாரிக்குப் பின்னால் வானத்திலிருந்து நெருப்புக் கட்டி விழுந்ததைப் பார்த்ததாகத் தலையிலடித்துச் சத்தியம் செய்தான். இரண்டு பேரும் இந்தப் பழைய டிடெக்டரோடு ஞாயிறு தவறாமல் அந்தப் பொட்டலைச் சல்லடை போட்டார்கள். ஒரு மண்ணும் அகப்படவில்லை. போன வருஷம் குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "இவன் தூங்கிக்கிட்டே வண்டி ஓட்டிட்டு எதையோ உளறியிருக்கான்" என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். ஒரு டிரைவரிடம் சொல்கிற பேச்சா அது? பாதிச் சாப்பாட்டில் எழுந்தவன் அப்புறம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

கல் கிடைத்தால் மச்சினனைக் கூப்பிட ஒரு சாக்கு. கிடைக்காவிட்டால் தான் சொன்னது சரி. இந்தக் கணக்கில்தான் புது டிடெக்டர்.

கடைக்கார அம்மா இழுப்பறையிலிருந்து எலுமிச்சை அளவு கறுப்புக் கல்லை எடுத்து வைத்தார். "இது நெஜ விண்கல். இது மேல ஓட்டிப் பார்த்துட்டு வாங்குங்க சார்."

நான்கும் கத்தின. பழையது மூச்சு விடவில்லை.

"பார்த்தீங்களா, சுத்த தண்டம்," என்றார் எலக்ட்ரீஷியன்.

அந்த அம்மா குனிந்து அதன் குமிழைப் பார்த்தார். "இரும்பு வந்தா கத்தாதேன்னு வெச்சிருக்கீங்களே. யார் வெச்சது?"

"நான்தான். குவாரி பூரா ஆணியும் கம்பியும். கத்திக் கத்திக் காது போச்சு."

"விண்கல்லுலயும் இரும்புதானே சார் இருக்கு."

குமிழைத் திருப்பினார். பழைய டிடெக்டர் கடை அதிரக் கத்தியது.

எலக்ட்ரீஷியன் முகத்தில் ஈயாடவில்லை. ஊருக்கெல்லாம் சுவிட்சு போட்டுத் தருகிறவர், கருவியின் வாயைத் தானே கட்டிவிட்டு மூன்று வருஷம் நடந்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எதுக்கு பில் போடட்டும்?"

"எதுவும் வேண்டாம்மா."

பழையதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நின்றே போன் செய்தார். மச்சினன் எடுத்தான்.

"மாப்ள, நீ பார்த்தது நெஜமாத்தான் இருக்கும். மெஷினை நான்தான் தப்பா வெச்சிருந்தேன்."

மச்சினன் லாரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது.

"இதை எங்கிட்ட சொல்லாதீங்க மாமா," என்றான். "எல்லாரும் சாப்பிட உட்காரும்போது சொல்லுங்க. நான் வர்றேன்."