கேக்கும் ஒரு பொறுமையான குரலும்

லிஃப்டில் கதவு மூடப்போவதைச் சொல்வதும், வங்கித் தொலைபேசியில் காத்திருக்கச் சொல்வதும் அவள்தான். குரல் கொடுப்பது அவள் தொழில். சென்ற மழைக்காலத்தில் கைபேசிச் செயலி ஒன்றுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். கண்டதைத் தின்னத் துடிக்கும் மனத்தை விழிப்போடு கவனிக்கும் பயிற்சி அது.

"ஆசை ஓர் அலை. அது எழுவதைப் பாருங்கள். தடுக்காதீர்கள், பின்னால் ஓடாதீர்கள்" என்று கண்ணாடி அறைக்குள் அவள் குழைந்து குழைந்து படித்துக்கொண்டிருந்தபோது, ஹெட்போனில் ஒலிப்பதிவாளன் குறுக்கிட்டான்.

"அக்கா, அலைச் சத்தம் நெஜமாவே கேக்குது. உங்க வயிறு."

காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்திருந்தாள். வெளியே போய் இரண்டு வாழைப்பழங்களை லபக் லபக்கென்று விழுங்கிவிட்டு வந்து, "ஒவ்வொரு வாயையும் நிதானமாக மெல்லுங்கள்" என்ற பகுதியை ஒரே டேக்கில் முடித்துக் கொடுத்தாள்.

அதோடு அதை மறந்தும் போனாள்.

அவள் கணவருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. "கேக்கைத் தொடாதீங்க" என்று அவள் வருடக்கணக்கில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஒருநாள் அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு செயலியை இறக்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டு கேக்கை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார். கைபேசி பேசியது. அடுப்படியில் நின்றவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவருக்கோ அடையாளமே தெரியவில்லை. அந்த மாதிரிக் குழைவை அவர் வீட்டில் கேட்டதில்லையே.

"இந்தம்மா எவ்வளவு பொறுமையா சொல்றாங்க பாரு. ஒரு அதட்டல் உண்டா? நீயும் இருக்கியே."

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மனுஷன் கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருந்தார். வாயை மூடிக்கொண்டாள். தினமும் மாலையில் 'அந்தம்மா' புராணம் நடந்தது. தன் குரல்மேலேயே அவளுக்குப் பொறாமை வந்தது.

ஒரு சாயங்காலம் பயிற்சி நடுவில் கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோனது. "இப்போது அதன் வாசனையை" என்பதோடு குரல் நின்றது. காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தன்னை அறியாமல், "மெல்ல உள்ளே இழுங்கள்" என்று அதே குழைவில் முடித்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"நீயா?"

"நான்தான்."

"அப்போ இத்தனை நாளா உன் பேச்சையா கேட்டுக்கிட்டிருந்தேன்?"

பதிலுக்குக் காத்திராமல் கேக்கை இரண்டே வாயில் உள்ளே தள்ளினார். அதில் விழிப்பும் இல்லை, வாசனையும் இல்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவராகவே வந்து எதிரில் உட்கார்ந்தார். முன்னால் தட்டில் ஒரு துண்டு. பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு சொன்னார்:

"அதுல உன் குரலுக்குப் பதிலா வேற ஆளுங்க குரலையும் வெச்சுக்கலாம். கேட்டுப் பார்த்தேன், சரிப்படலை. நீயே நேர்ல சொல்லேன்."

அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். "ஆசை ஓர் அலை. அது எழுவதைப் பாருங்கள்."

பார்த்தார். அலை எழுந்தது. கையும் கூடவே எழுந்தது.

"அவசரப்படாதீர்கள். உங்கள் விரல்களைக் கவனியுங்கள்."

விரல்கள் கேக்கைத் தூக்கிவிட்டன.

"கீழே வைங்கன்னு சொல்றேன்ல!"

பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அவர் கேக்கைச் சட்டென்று தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படி மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அடுப்படி போய்ச் சேர்வதற்குள் அதில் பாதியைத் தின்றிருந்தாள்.