இடப்பக்கத்து முடிச்சுகள்

டாயெங் சிபாலிக்குத் தெரிந்த கயிறெல்லாம் ஆள் கை பருமன். இந்தோனேசியாவில் மக்காசார் துறைமுகத்து இழுவைப் படகில் இருபத்தொன்பது வருஷமாகக் கயிற்றைக் கட்டியும் அவிழ்த்தும் திட்டியும் காலம் தள்ளியவர். டாயெங் என்பது அந்த ஊரில் பெரியவர்களை அழைக்கிற மரியாதைச் சொல். அவர் மனைவி ரன்னுவுக்குத் தெரிந்த கயிறெல்லாம் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். அந்த வீட்டில் எந்தக் கயிற்றுக்கு மரியாதை அதிகம் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையில் பாதிக்கு மேல் கப்பல் நின்றது. மிச்ச இடத்தில்தான் சோறு.

கப்பலின் பெயர் புங்கா காராங். இரண்டு பாய்மரம், ஏழு பாய், கை நீளத்தில் ஒரு பினிசி, அந்தத் தீவின் பழைய பாய்க்கப்பலுடைய குட்டி உருவம். கல்யாண உடுப்பு தைக்கிற ரன்னு, தையல் வேலை போக மிஞ்சிய நேரத்தையெல்லாம் மூன்று வருஷமாக அதில் கொட்டியிருந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அதைப் படம் பிடித்துக் கைபேசியில் ‘சிக்குநூல்’ குழுவுக்கு அனுப்புவாள். குட்டிக் கப்பல் கட்டும் பைத்தியங்கள் இருபத்து மூன்று பேர் அதில் இருந்தார்கள். செமாராங்கில் ஒரு பல் வைத்தியர், கெண்டாரியில் ஒரு போலீஸ்காரர், மனாடோவில் ஒரு பாதிரியார் என்று திசைக்கு ஒருவர்.

குழுவுக்கு இரண்டே விதி. ஒன்று, வாரப் படத்தோடு அந்த வாரத்துப் பிழையின் படமும் வர வேண்டும். பிழையைக் காட்டாதவருக்கு யாரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கெண்டாரி போலீஸ்காரர் ஒரு தடவை தன் சட்டைக் கையையும் சேர்த்துக் கப்பலில் ஒட்டிக்கொண்டு படம் போட்டார். ரன்னு ஒரு தடவை இரண்டு பாய்மரங்களையும் இடம் மாற்றி நட்டு, கயிறெல்லாம் கட்டி முடித்த பிறகு கண்டுபிடித்தாள். அதற்குச் சிரித்த சிரிப்பு ஒரு மாதம் ஓயவில்லை. இரண்டாவது விதி, ஒரு கப்பலுக்கு ஒரு கை. தன் கப்பலைத் தானேதான் கட்ட வேண்டும்.

வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் கப்பலோடு ஓர் ஊரில் கூடுவார்கள். பினிசி பிறந்த பக்கத்துக்கு ஒரு தடவையாவது வாருங்கள் என்று ரன்னு இரண்டு வருஷம் கெஞ்சி, இந்த வருஷம் மக்காசார் என்று முடிவானது. அதற்கு நாலு வாரம் இருக்கும்போது சந்தையில் வேனிலிருந்து இறங்குகையில் கால் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரத்துக்கு முழங்கை வரை மாவுக்கட்டு. கையிலிருந்த மீன் பைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

கப்பலில் மிச்சமிருந்தது ஒரே வேலை. பெரிய பாய்மரத்துக்கு இரண்டு பக்கமும் கயிற்று ஏணி. மாலுமிகள் ஏறுகிற ஏணி அது. பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் ஐந்து கயிறுகளின் குறுக்கே படிப்படியாக நூலை ஓட்டி, ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு முடிச்சு போட வேண்டும். வலப்பக்கம் முடிந்திருந்தது. இடப்பக்கம் இருபத்தாறு படி, படிக்கு ஐந்து, ஆக நூற்று முப்பது முடிச்சு.

“நான் கட்டறேன்” என்றார் சிபாலி.

ரன்னு அவர் கையைப் பார்த்தாள். “இந்தக் கையா? கப்பலைக் கட்டிப் போடற கை இது, டாயெங். என் கப்பல் தாங்காது.”

“நீ வாயால சொல்லு, நான் கையால செய்யறேன்.”

“ஒரு கப்பலுக்கு ஒரு கை. விதிய மறந்துட்டீங்களா?”

அப்புறம் அவள் ஒரு பழைய கைலியைக் கொண்டுவந்து கப்பலைத் தலையோடு மூடினாள். கட்டு பிரிக்கிறவரை இதைப் பார்க்கவே மாட்டேன், கை முறிந்ததைச் சொல்லாமல், இந்த வருஷம் வரவில்லை என்று மட்டும் குழுவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். முப்பத்தொரு வருஷத்தில் சிபாலி அவள் எரிந்து விழுந்து பார்த்திருக்கிறார், நாள்கணக்கில் பேசாமல் இருந்து பார்த்திருக்கிறார். சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை.

மறுநாள் படகில், சாப்பாட்டுக் கரண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்து, தூண்டில் நூலால் அவற்றில் முடிச்சு போட்டுப் பார்த்தார். சமையல்காரர் டாயெங் தோஜெங் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன டாயெங், கரண்டிய எதுக்குக் கட்டிப் போடறீங்க? ஓடிடுமா?”

“வாய மூடிட்டுக் குழம்பப் பாரு.”

“குழம்பு கொதிக்குது. கிண்டத்தான் கரண்டி இல்ல.”

ரன்னு மத்தியான வேளைகளில் தையல் கடைக்குப் போனாள். தைக்க முடியாவிட்டாலும் அங்கிருந்த பெண்களை ஏவலாம் அல்லவா. சிபாலி காலை முறை வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து, கைலியை விலக்கி, அவளுடைய பூதக்கண்ணாடி வைத்த விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் எட்டுப் படியும் வீணாகப் போனது. துறைமுகத்துக்காரன் புத்தி முடிச்சு போட்டால் இழுத்து இறுக்கத்தான் சொல்லும். அவரும் இறுக்கினார். இறுக்க இறுக்க ஐந்து கயிறும் ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து, ஏணி நடுவில் உடுக்கை மாதிரி ஒடுங்கிவிட்டது. எட்டையும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நூலை இழுக்கக் கூடாது, அது தானாகப் போய் உட்கார வேண்டும் என்று புரிந்துகொள்ள ஐந்து நாள் ஆனது. இந்தப் பொறுமையை ரன்னு எங்கிருந்து எடுத்தாள் என்று யோசித்தார். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் தான் இதைக் கவனிக்கவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

இன்னொரு விஷயம். சிபாலி பிறவியில் இடக்கைக்காரர். சின்ன வயதில் சோற்றுத் தட்டில் இடது கை வைத்தபோதெல்லாம் அப்பா விறகால் அடித்திருக்கிறார். சாப்பிடுவதும் எழுதுவதும் கொடுப்பதும் வாங்குவதும் வலதுக்கு மாறிவிட்டன. கயிறு மட்டும் மாறவில்லை. கயிற்றைக் கண்டால் இடது கைதான் முந்தும்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை கடைசிப் படியைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை ரன்னு தங்கை வீட்டுக்குப் போனாள். கைபேசியைச் சார்ஜில் போட்டு மேசையிலேயே விட்டிருந்தாள். கட்டு போட்ட நாளிலிருந்து அவள் சொல்லச் சொல்ல அவர்தான் அதில் எழுதிவந்தார். இரண்டு பக்கமும் படம் பிடித்தார். ‘ஏணி முடிந்தது’ என்று எழுதினார். பிழைப் படம் வேண்டுமே. பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ‘இந்த வாரம் பிழை எதுவும் இல்லை’ என்று ரன்னுவின் பெயரில் அனுப்பிவிட்டார். கப்பல் வருகிறது என்று குழுவுக்குத் தெரிந்துவிட்டால், அவளும் கோபித்துவிட்டுக் கிளம்பித்தானே ஆக வேண்டும். இதுதான் அவர் கணக்கு.

பத்து நிமிஷத்தில் செமாராங் பல் வைத்தியர் லியோங்கின் குரல் வந்தது. ஊரார் வாயைப் பார்த்துப் பார்த்து, எதையும் பெரிதாக்கிப் பார்க்கிற வழக்கம் அவருக்கு. ரன்னுவை அம்மா என்கிற அர்த்தத்தில் ‘இபு’ என்றுதான் கூப்பிடுவார்.

“இபு ரன்னு, கோவிச்சுக்காதீங்க. படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். வலப்பக்கத்து முடிச்செல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, இடப்பக்கத்து முடிச்செல்லாம் நேர் எதிரா சாஞ்சிருக்கு. ஒரே கை கட்டினா இப்படி வராதே. யார் கட்டினது? அதோட, ‘பிழை இல்லை’ன்னு நீங்க எழுதி நான் பாத்ததே இல்லையே.”

மற்ற எல்லாரும் அதைக் கேட்டார்கள் என்று கைபேசி காட்டியது. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. சிபாலி கைபேசியைக் கொண்டுபோய்த் தலையணைக்கு அடியில் வைத்தார். ரன்னு வந்து கதவைத் திறந்ததும் தலையணை அடித்தது. லியோங்தான் கூப்பிட்டார்.

அவள் இடது கையால் எடுத்துக் கேட்டாள். கேட்கக் கேட்க முகம் வெளுத்தது. “அப்புறம் பேசறேன், லியோங் அண்ணா” என்று வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். ஆறடி ஆள் கதவோரம் ஒண்டி நின்றார்.

“நான் ஆசையாத்தான்…” என்று இழுத்தார்.

“ஆசையா கட்டினீங்க. சரி. ஆறு வருஷமா நான் அந்த ஜனங்ககிட்ட என் தப்பத்தான் காமிச்சிருக்கேன், டாயெங். அதனாலதான் நான் சொன்னா நம்புவாங்க. ‘பிழை எதுவும் இல்லை’ன்னு என் பேர்ல எழுதிட்டீங்களே. இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க நடுவுல போய் நிப்பேன்?”

சிபாலி உள்ளே போனார். தையல் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். “வெட்டிடு. எல்லாத்தையும் வெட்டிடு. நான் இனிமே தொட மாட்டேன்.”

ரன்னு கைலியை இழுத்தாள். விளக்கைப் போட்டாள். மூக்கு நூலில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, கீழ்ப்படியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனாள். ஒரு கயிறுகூட வளைந்திருக்கவில்லை. முடிச்சுகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே பக்கம் சாய்ந்து, எறும்பு வரிசை மாதிரி ஏறின. அவள் இடது கை கத்தரிக்கோல் பக்கம் போகவே இல்லை.

“பீச்சாங்கையாலயா கட்டினீங்க?” என்றாள்.

“வேற கைக்குக் கயிறு தெரியாதே.”

“உங்கப்பா பாத்திருந்தா விறக எடுத்திருப்பார்.” சட்டென்று இன்னும் குனிந்தாள். “இருங்க. பதினாலாவது படி, நடுக் கயிறு. முடிச்சே இல்ல. நூல் சும்மா தாண்டிப் போயிருக்கு!”

“எங்கே?”

“இங்கே! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பிழை இல்லையாம், பிழை! எடுங்க கைபேசிய. இதப் படம் பிடிங்க. நான் சொல்றத ஒரு எழுத்து மாத்தாம எழுதுங்க.”

அவள் சொன்னாள். அவர் எழுதினார்.

‘இந்த வாரப் பிழைகள். ஒன்று, பதினாலாவது படியில் ஒரு முடிச்சு விட்டுப்போயிருக்கிறது. இரண்டு, என் கை முறிந்ததை உங்களிடம் நான் மறைத்தேன். மூன்று, பிழை இல்லை என்று என் பெயரில் என் கணவர் பொய் எழுதினார். இடப்பக்கம் முழுவதும் அவர் கட்டியது, இடது கையால். விதிப்படி இந்தக் கப்பல் கூட்டத்துக்கு வர முடியாதென்றால் வராது. ஆனால் இந்த முடிச்சுகளை வெட்ட மாட்டேன்.’

கடைசி வரியை எழுதும்போது சிபாலிக்கு எழுத்து மங்கியது. எழுதி அனுப்பிவிட்டு இரண்டு பேரும் கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காப்பி ஆறிப்போனது. முதலில் கெண்டாரி போலீஸ்காரர்தான் எழுதினார்: ‘பதினாலாவது படியில் கால் வைக்கிற மாலுமியின் கதி என்ன? வழக்குப் பதிவு செய்யட்டுமா?’ அதன்பின் ஆளுக்கொன்றாகச் சண்டை. விதி விதிதான் என்றார் ஒருவர். கை முறிந்தவளுக்கு என்ன விதி என்றார் இன்னொருவர். ஒரு மணி நேரம் கழித்துத்தான் லியோங்கின் குரல் வந்தது.

“அந்த விதிய எழுதினவன் நான். கடையில வாங்கிட்டு வந்து, நானே கட்டினேன்னு சொல்றவங்களுக்காக எழுதினது. இபு ஒளிக்காம சொல்லிட்டாங்க, முடிஞ்சுது. கப்பலக் கொண்டு வாங்க. ஆனா இடப்பக்கம்தான் ஜனங்களப் பாத்து நிக்கணும். கட்டினவரும் பக்கத்துல நிக்கணும். அந்தப் பதினாலாவது படிய எங்க கண்ணால பாக்கறவரைக்கும் யாரும் சரி பண்ணக் கூடாது.”

ரன்னு சிரித்துக்கொண்டே அழுதாள். அழுகிற கண்ணை மாவுக்கட்டால் துடைக்கப் போய் நெற்றியில் இடித்துக்கொண்டாள்.

கூட்டத்தன்று சிபாலி தேய்த்த பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு கப்பல் பக்கத்தில் நின்றார். காவலுக்கு நிற்கிற மாதிரிதான் இருந்தது. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். லியோங் படிகளைப் பல்லை எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டு வந்து பதினாலில் நின்று, திருப்தியாகத் தலையாட்டினார்.

“இந்தப் பக்கம் கட்டின கை எது?” என்று கேட்டார்.

சிபாலி யோசிக்காமல் கையைத் தூக்கினார். இடது கை. அத்தனை பேருக்கு நடுவில், தலைக்கு மேலே. தூக்கிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. இறக்கப் போனவரை ரன்னு முழங்கையில் பிடித்து நிறுத்தினாள்.

இரண்டு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். வலது கை சூம்பிப்போய் யாருடைய கையோ மாதிரி இருந்தது. விரல்கள் நடுங்கின. அப்படியும் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ரன்னு விளக்கைப் போட்டுக்கொண்டு பதினாலாவது படியின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரே ஒரு முடிச்சு. போடுவதும் நழுவுவதும் திட்டுவதுமாகச் சாயங்காலம் வரை ஆனது. சிபாலி பக்கத்தில் உட்கார்ந்து மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரட்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை படம் போயிற்று. அவள் கை ஓரளவு சரியாகிவிட்டது, அவளே எழுதியிருக்கலாம். ஆனாலும் அவள் சொல்ல, அவர்தான் எழுதினார்.

‘இந்த வாரப் பிழை: இடப்பக்கத்து நூற்று முப்பது முடிச்சில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அது அப்படியே இருக்கும்.’