உப்புப் போடாத கறி

"கையை எடும்மா" என்று மகள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

வக்கீல் ஆபீசின் பின்னறையில், ஃபைல் அலமாரிக்கும் பிரிண்டருக்கும் நடுவே அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டியிருந்தாள். கட்டைப் பிரித்தாயிற்று. கெண்டைச் சதையில் பல் இறங்கிய நாலு குழிகள். ஒரு பக்கம் கிழிந்து தையல் போட்ட கோடு. சுற்றிலும் ஊதாவும் மஞ்சளுமாகக் கன்றிப் போயிருந்தது. மகள் படமெடுக்கப் போனைத் தூக்கினால் போதும், அம்மாவின் கை தானாக வந்து சேலையை இழுத்து மூடியது.

"டாக்டர்கிட்ட காட்டினேல்ல? கோர்ட்டுக்குக் காட்டுறதுல என்ன வந்துச்சு?"

"டாக்டரு பாத்துட்டு மறந்துருவாரு. நீ ஃபைல்ல ஒட்டில்ல வைக்கப் போறே."

மகளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அம்மா கடிபட்டதிலிருந்தே அவளுக்குக் கோபம்தான். பதினோரு வருஷம் ஒரே வீட்டில் சமைத்தவள் அம்மா. அந்த வீட்டு நாய்தான் கடித்தது. முதல் நாள் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு, வாரம் முடிவதற்குள் வேறு சமையல்காரியை வைத்துக்கொண்டார்கள். "காலு சரியானதும் சொல்லுங்க, பாக்கலாம்" என்று போனில் சொன்னாளாம் அந்த வீட்டம்மா. அம்மாவும் "சரிங்கம்மா" என்றாளாம். அந்த 'சரிங்கம்மா'வைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் மகள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். இரண்டு வருஷமாக இந்த ஆபீசில் ஊரார் பட்ட அநியாயங்களையெல்லாம் டைப் அடித்தவள். சொந்த வீட்டு அநியாயத்தை மட்டும் வாயை மூடிக்கொண்டு விழுங்குவதா?

வக்கீலிடம் கெஞ்சித்தான் கேட்டாள். அவர் ஃபீஸ் வேண்டாம் என்றார். "நாயை வளக்கிறவங்கதான்மா பொறுப்பு. வேலையாளு நடமாடுற இடத்துல கட்டிப்போட வேண்டியது அவங்க கடமை. வைத்தியச் செலவு, போன சம்பளம், பட்ட வலி எல்லாத்துக்கும் கேக்கலாம். ஒண்ணே ஒண்ணு, நாமளாப் போய்ச் சீண்டியிருக்கக் கூடாது. அவங்க அதைத்தான் பிடிச்சுத் தொங்குவாங்க."

"சீண்டுறதா? எங்கம்மா எறும்பைக்கூட ஊதித்தான் சார் விடும்" என்றாள் மகள். வக்கீல் சிரித்தார். பக்கத்திலிருந்த அம்மா சிரிக்கவில்லை. அதை மகள் அப்போது கவனிக்கவில்லை.

எப்படியோ நாலைந்து படங்கள் எடுத்துவிட்டு, டைப் அடித்து வைத்திருந்த வாக்குமூலத்தை வாசிக்க ஆரம்பித்தாள். அந்த ஆபீசில் எதையும் புதிதாக எழுதுவதில்லை. பழைய வழக்கு ஒன்றைத் திறந்து, பேரையும் தேதியையும் மாற்றுவார்கள். நாய்க்கடிக்கும் ஒரு பழைய ஃபைல் இருந்தது. நாலாவது பத்தி அதிலிருந்து அப்படியே வந்தது: 'சம்பவ நேரத்தில் நான் மேற்படி நாயை அடிக்கவோ, சீண்டவோ, அதன் உணவைத் தொடவோ இல்லை.'

"அந்த வரி வேணாம்" என்றாள் அம்மா.

"எந்த வரி?"

"வெளிய வா."

மாடிப்படியில் ஆள் இல்லை. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் உட்கார்ந்தாள். மகள் நின்றாள்.

"அவனுக்கு தினம் கறி வேக வைப்பேன். உப்புப் போடாம" என்றாள் அம்மா. கடித்த பிறகும் அவளுக்கு அது 'அவன்'தான். "நீ பதினொண்ணாவது படிக்கறப்ப மயங்கி விழுந்தியே, ஒடம்புல ரத்தமே இல்லன்னாங்களே. அப்பலேர்ந்து பாதியை டப்பால எடுத்துக்குவேன். வீட்டுல வந்து உப்பு, மொளகாப் போட்டுப் பெரட்டுவேன்."

நீல மூடி போட்ட டப்பா. அந்த வீட்டில் கொடுத்தார்கள் என்றுதான் அம்மா சொல்வாள். காலேஜில் அதைத் திறந்தால் நாலு தோழிகளின் கை நீளும். "எங்கம்மா கைமணம்டி" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்திருக்கிறாள்.

"அன்னிக்கு அந்தம்மா போன்ல பேசிக்கிட்டே அடுப்படியில நின்னுட்டாங்க. எடுக்க முடியல. முழுசையும் அவன் தட்டுல போட்டுட்டேன். அவங்க அந்தப் பக்கம் போனதும் தட்டுல கையை வச்சேன். உறுமினான். பயந்து திரும்பினேன், காலைப் பிடிச்சுட்டான். அவன் சோத்துல கை வச்சா கடிக்காம?"

"இப்பதான் நான் சம்பாதிக்கிறேனேம்மா. காசு குடுத்து வாங்க வேண்டியதுதானே?"

"வாங்கினேனே, போன வருஷம். ஒரு வாய் வச்சுட்டு, 'இது நல்லால்ல, எப்பவும் கொண்டு வர்றதுதான் நல்லாருக்கு'ன்னு தள்ளிவிட்டே."

மகளுக்கு முதலில் வந்தது அழுகையில்லை. உதடு அவளைக் கேட்காமலே கோணியது. அரை நொடிதான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, பார்வையைப் படிக்கு இறக்கினாள்.

"மொகத்தைச் சுளிக்காதடி. அவனுக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துருவேன். எச்சி இல்ல. சத்தியமா எச்சி இல்ல. அன்னிக்கு ஒரு நாளுதான்..." என்றவள், வலிய ஒரு சிரிப்பை வரவழைத்தாள். "ஒரே சட்டியில தின்னவங்க நீங்க ரெண்டு பேரும். அவன் மேல போயி கேஸ் போடுறே."

இதற்குச் சிரிக்க வேண்டும் என்று மகளுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. நாய்க்கு தினம் கறி வாங்கத் தெரிந்தவர்களுக்கு, அதை வேகவைத்தவளுக்கு இந்தா என்று இரண்டு துண்டு நீட்டத் தெரியவில்லையே என்று கத்த நினைத்தாள். யாரிடம் கத்துவது? தள்ளிவிட்ட தட்டு கண் முன்னால் வந்து நின்றது. சுளித்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள்.

"என்னம்மா, முடிஞ்சுதா? நாலு மணிக்குள்ள தாக்கல் பண்ணணும்" என்று உள்ளேயிருந்து வக்கீல் குரல் கொடுத்தார்.

வரி இருந்தால் வழக்கு தாக்குப்பிடிக்கும். அம்மா அந்தப் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். வரியை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்பார். அம்மா எறும்பை ஊதிவிடுகிற கதையைச் சொன்ன அதே வாயால் அவரிடம் இதையும் சொல்ல வேண்டும்.

"படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டிருக்கேன் சார்" என்றாள்.

அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தாள். அம்மா தானே காலை நீட்டி, கட்டுத் துணியை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள். பிரிண்டர் முனகிக்கொண்டு முதல் தாளைத் துப்பியது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. மகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் காயத்தில் பாதிதான் தெரிந்தது. மீதியை மறைத்தபடி, கொதிநீர் பட்டுத் தழும்பேறிய விரல்களை விரித்துக்கொண்டு, அம்மாவின் கை கிடந்தது.